அளவறிந்த மின்சாரம்: ஒரு பயண வேனும் எங்கள் உம்மாவும்





என் உம்மாவுக்கு வயது 68. மூன்று ஆண்டுகளாக அவர்கள் வீட்டை விட்டு வெளியே ஓர் இரவுகூடத் தங்கவில்லை. அதற்குக் காரணம் நடக்க இயலாமையன்று; மின்சாரம். உறக்கத்தில் தொண்டைப் பாதை அடைபட்டு மூச்சு விட்டுவிட்டு வரும் நோய் அவர்களுக்கு உண்டு. மருத்துவர் எழுதிக் கொடுத்த சிபேப் என்னும் கருவி, முகமூடி வழியாக மெல்லிய அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தி, அந்தப் பாதையை இரவு முழுவதும் திறந்து வைக்கிறது. கருவி ஓடாத இரவுகளில் உம்மா படுப்பதில்லை. தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தபடியே ஃபஜ்ரு வரை காத்திருப்பார்கள். அதனுடன் சர்க்கரை நோயும் சேர்ந்துகொண்டதால், இருப்பு வைத்திருக்கும் இன்சுலினைக் குளிரில் பாதுகாக்க வேண்டும்.

உம்மாவின் ராத்தா, எங்கள் பெரியம்மா, வயநாட்டில் சுல்தான் பத்தேரியில் இருக்கிறார்கள். மளிகை வணிகம் செய்த ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டு அரை நூற்றாண்டுக்கு முன்பே அங்குச் சென்றவர்கள். இப்போது படுக்கையை விட்டு அதிகம் எழுவதில்லை. "ராத்தாவின் முகத்தை ஒரு தடவை பார்க்க வேண்டும், வாப்பா. போனில் பார்ப்பது பார்வையாகுமா?" என்று உம்மா கேட்டபோது, எங்களிடம் பதில் இல்லை. உறவைச் சேர்ந்து வாழ்வதன் சிறப்பை மத்ரஸாவில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் எனக்கு, அந்தக் கேள்வி எளிதில் கடந்துபோகக் கூடியதாக இருக்கவில்லை.

என் தங்கையின் கணவர் பல ஆண்டுகள் சுற்றுலா வண்டி ஓட்டியவர். அவரிடம் ஒரு பழைய டெம்போ டிராவலர் வேன் இருந்தது. பின்பக்க இருக்கைகளை எடுத்துவிட்டு இரண்டு படுக்கைகளும் ஒரு சிறு சமையல் மேடையும் அமைக்கலாம் என்று அவர் சொன்னார். எஞ்சியது மின்சாரம். அதை எவ்வாறு அமைத்தோம், அந்த வேலை எங்களுக்கு எதைக் கற்றுக் கொடுத்தது என்பதை, வீட்டில் முதியவர்களை வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

ஜெனரேட்டர் ஏன் வேண்டாம் என்றோம்

முதலில் வந்த யோசனை, பெட்ரோலில் ஓடும் ஒரு சிறிய ஜெனரேட்டர். விலை குறைவு, உடனே கிடைக்கும். ஆனால் அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு உள்ளது. நிறமும் மணமும் இல்லாத அந்த வாயு, உறங்குகிறவரை எழுப்பாமலேயே கொன்றுவிடும். வேனுக்குள்ளோ, சன்னலை ஒட்டியோ அதை ஓட்டிவிட்டுப் படுப்பது உயிரோடு விளையாடுவதாகும். தொலைவில் வைத்தால் பக்கத்தில் உறங்குகிறவர்களுக்கு இரவு முழுவதும் இரைச்சல். நம் வீட்டு முதியவர் உறங்குவதற்காக அடுத்த வீட்டு முதியவரின் உறக்கத்தைக் கெடுக்க நமக்கு உரிமை இல்லை.

அடுத்து ஒரு கடைக்காரர், வீட்டில் வைக்கும் இன்வெர்ட்டரையும் 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரியையும் அப்படியே வேனில் ஏற்றிவிடலாம் என்றார். அந்த பேட்டரியின் எடை 50 கிலோவுக்கு மேல். உள்ளே திரவ அமிலம். மலைப்பாதையில் சாயும்போது சிந்தலாம். சார்ஜ் ஆகும்போது அது வெளியிடும் ஹைட்ரஜன் தீப்பற்றக் கூடியது. காற்றோட்டமுள்ள வீட்டு மூலையில் அது நல்ல பொருள்தான். ஐந்து பேர் கதவை மூடிக்கொண்டு உறங்கும் வண்டிக்கு ஏற்றதன்று.

எனவே சூரிய ஒளியின் பக்கம் திரும்பினோம். எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்துக்கு வெயில் புதிதன்று. கமுதியில் 2016-ஆம் ஆண்டு 648 மெகாவாட் திறனுள்ள சூரிய மின்நிலையம் எழுந்ததும் இந்த வெயிலை நம்பித்தான்.

மூன்று பத்திகளில் ஒரு கணக்கு

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகள் வரைந்தேன். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் மனிதத் தேவைகளை மூன்று படிகளாகப் பிரிப்பதை ஓதிக் கொடுத்திருக்கிறேன்: இல்லாவிட்டால் வாழ்வே குலைந்துவிடுபவை, இல்லாவிட்டால் சிரமம் தருபவை, இருந்தால் அழகு சேர்ப்பவை. அந்த வரிசையிலேயே குடும்பத்தார் ஒவ்வொருவரும் தமக்கு வேண்டியதைச் சொல்லச் சொன்னேன்.

முதல் பத்தியில் இரண்டே பொருள்கள். சிபேப் கருவி 35 வாட். 8 மணி நேரத்துக்கு 280 வாட்-மணி. இது அக்கருவியில் நீராவிக்கான சூடேற்றியை நிறுத்தி வைத்தால் ஆகும் கணக்கு. அதை ஓட்டினால் செலவு இரு மடங்கையும் தாண்டக் கூடும். பயணத்தின்போது அதை நிறுத்தலாமா என்று மருத்துவரிடம் கேட்டு, சம்மதம் பெற்ற பிறகே அவ்வாறு எழுதினேன். அடுத்தது இன்சுலினுக்கான சிறிய 12 வோல்ட் குளிர்பெட்டி; நம் வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400.

இரண்டாம் பத்தியில், தலா 20 வாட் உள்ள இரண்டு மின்விசிறிகள் 10 மணி நேரம் ஓட 400, எல்.இ.டி. விளக்குகளுக்கு 80, கைப்பேசிகளுக்கு 75, உளூ செய்யவும் பாத்திரம் கழுவவும் தண்ணீர் ஏற்றும் சிறு மோட்டாருக்கு 20, சட்னி அரைக்க மிக்ஸி சில நிமிடங்கள் ஓட 45.

மூன்றாம் பத்தியில் மின்சாரக் கெட்டில், தொலைக்காட்சி, ஏ.சி. ஆகியவை வந்து நின்றன. ஒரு டன் ஏ.சி. ஓடும்போது 1000 வாட்டுக்கு மேல் இழுக்கும். அதை ஓர் இரவு ஓட்டுவதற்கு ஆகும் மின்சாரத்தில் முதல் இரண்டு பத்திகளையும் நான்கு நாட்கள் நடத்தலாம். இதைக் கேட்டதும் பிள்ளைகளே ஏ.சி.யை அடித்துவிட்டார்கள். கெட்டிலின் வேலையை எரிவாயு அடுப்பு செய்யும். தொலைக்காட்சியைப் பற்றிப் பிறகு யாரும் பேசவில்லை.

மொத்தம் 1300 வாட்-மணி, அதாவது 1.3 யூனிட். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்பட்டு வந்திருக்கிறது. எங்கள் வேனின் வாழ்க்கை இரண்டு மாதத்துக்கு 78 யூனிட்டில் அடங்கிவிடும். ஒரு குடும்பத்தின் உண்மையான தேவை எவ்வளவு சிறியது என்பதை அந்தத் தாள்தான் எங்களுக்குக் காட்டியது. வீண் விரயம் கூடாது என்று எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன். ஆயினும் எவ்வளவு என்ற எண் இல்லாதவரை, விரயம் எங்கே தொடங்குகிறது என்பது யாருக்கும் கண்ணில் படுவதில்லை.

எதை வாங்கினோம், ஏன்

தலா 200 வாட் உள்ள இரண்டு சோலார் பேனல்கள். நம் பகுதியில் தெளிந்த நாளில் சுமார் 5 மணி நேர முழு வெயிலுக்குச் சமமான ஒளி கிடைக்கும். வெப்பம், தூசு, ஒயரில் ஏற்படும் இழப்பு ஆகியவற்றைக் கழித்தால் நாளுக்கு 1400 வாட்-மணி கைக்கு வரும். பேனல் 25 டிகிரிக்கு மேல் சூடாகும் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீத மின்சாரம் குறைகிறது. ஆகவே கூரையோடு ஒட்டிவிடாமல், அடியில் காற்றுப் புகும்படி இரண்டு, மூன்று அங்குல இடைவெளி விட்டுப் பொருத்தினோம். நம் நாட்டின் தென்கோடியில் சூரியன் உச்சிக்கு அருகே செல்வதால், பேனலைச் சாய்க்காமல் படுக்கையாக வைத்தாலும் பெரிய இழப்பு இல்லை. ஆனால் நிழல் அப்படியன்று. ஒரு கிளையின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலும், விழுந்த இடத்தின் அளவைவிடப் பன்மடங்கு மின்சாரம் குறையும். அதனால் இரண்டு பேனல்களையும் இணையாக இணைத்தோம். ஒன்றில் நிழல் விழுந்தாலும் மற்றொன்று தன் வேலையைச் செய்யும்.

பேனலிலிருந்து பேட்டரிக்குச் செல்லும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்த 40 ஆம்பியர் எம்.பி.பி.டி. கன்ட்ரோலர். இதைவிட மலிவான பி.டபிள்யூ.எம். வகையும் உண்டு, ஆனால் அது பேனல் தரக்கூடியதில் ஒரு பகுதியை வீணாக்கிவிடும்.

பேட்டரி, தலா 100 ஆம்பியர்-மணி கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் இரண்டு. இரண்டும் சேர்ந்து 2560 வாட்-மணி; ஒவ்வொன்றின் எடையும் 12 கிலோ அளவே. ஈய அமில பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும். இதில் 80 சதவீதம் வரை அச்சமின்றிப் பயன்படுத்தலாம். பூஜ்ய டிகிரிக்குக் கீழே இதைச் சார்ஜ் செய்யக் கூடாது. காஷ்மீர், லடாக் பக்கம் செல்ல எண்ணுவோர் இதை மனத்தில் வைக்க வேண்டும். வண்டி ஓடும்போது எஞ்சினின் ஆல்டர்னேட்டரிலிருந்தும் இந்த பேட்டரிகள் நிரம்பும்படி 30 ஆம்பியர் டி.சி. சார்ஜர் ஒன்றையும் இணைத்தோம். மேகம் மூடிய நாட்களில் இதுவே எங்களைக் காப்பாற்றியது.

இன்வெர்ட்டர் 1000 வாட், ப்யூர் சைன் வேவ் வகை. மலிவான இன்வெர்ட்டர்கள் தரும் மின்அலை கரடுமுரடானது. மருத்துவக் கருவிகளுக்கும் மோட்டார்களுக்கும் அது ஏற்றதன்று. ஆயினும் இன்வெர்ட்டரை மிக்ஸிக்கு மட்டுமே பயன்படுத்தினோம். சும்மா இருக்கும்போதும் அது 10 வாட் அளவுக்கு விழுங்கும். நாள் முழுவதும் திறந்து வைத்தால் 240 வாட்-மணி, கிட்டத்தட்ட சிபேப்பின் ஓர் இரவுச் செலவு, ஒன்றுமில்லாமல் போய்விடும். சிபேப்புக்கு அதே நிறுவனத்தார் விற்கும் 12 வோல்ட் இணைப்பை வாங்கி, நேரே பேட்டரியிலிருந்து கொடுத்தோம். விசிறி, விளக்கு, குளிர்பெட்டி எல்லாம் அவ்வாறே.

ஒயரில் சிக்கனம் பார்க்க வேண்டாம். வீட்டில் 1000 வாட் கருவி 4 ஆம்பியர் அளவே இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அதே சுமை ஏறக்குறைய 90 ஆம்பியர் இழுக்கும். மெல்லிய ஒயர் சூடாகி உருகித் தீப்பற்றும். 35 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயரை இயன்றவரை குட்டையாக வைத்து, பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் போட்டோம். கூரையின் திருகுகள் வண்டியின் அதிர்வில் தளரும். முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் ஏறி ஒவ்வொன்றாக முறுக்கிப் பார்த்தார் மச்சான்.

செலவு ஒரு லட்சத்துக்குச் சற்று மேலாயிற்று. தவணைக்குத் தருவதாகப் பலர் முன்வந்தார்கள். வட்டி கலந்த எதுவும் வேண்டாம் என்று முடிவு செய்து, நாங்கள் உடன்பிறந்தார் நால்வரும் ஆறு மாதம் சிறிது சிறிதாகச் சேர்த்தோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. இருக்கைகளை எடுப்பது அத்தகைய மாற்றம். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, ஒப்புதல் பெற்று, காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவித்த பிறகே வேலையைத் தொடங்கினோம். இது அலைச்சல்தான். ஆனால் நாட்டின் சட்டத்துக்கு நாம் கட்டுப்படுவதாகச் செய்துகொண்ட உடன்பாடு சாலையிலும் பொருந்தும்.

பள்ளிவாசல் முற்றத்தில் ஓர் இரவு

மே மாதக் கடைசியில் புறப்பட்டோம். மதுரை, பழனி வழியாகப் பொள்ளாச்சியை அடைந்தபோது இஷா நேரம். ஒரு பள்ளிவாசல் முற்றத்தில் வண்டியை நிறுத்த அனுமதி கேட்டோம். மோதினார் அன்போடு ஒரு பிளக்கைக் காட்டி, "இதில் மாட்டிக்கொள்ளுங்கள், பாய்" என்றார். வேண்டியதில்லை என்று நன்றி சொன்னோம்.

பயணத்தில் இருக்கும் பலர் இதைச் சிறு விஷயமாக நினைக்கிறார்கள். பள்ளிவாசலின் மின்கட்டணம் மஹல்லாவாசிகளின் சந்தாவிலிருந்து போகிறது. அது ஓர் அமானிதம். மோதினாருக்கு விருந்தோம்பும் மனம் உண்டு. அந்தப் பொருளை வழங்கும் அதிகாரம் நிர்வாகத்தாருக்கு உரியது. அவர்களிடம் கேட்பதும், எடுத்ததற்குரிய தொகையைச் செலுத்துவதும் நம் பொறுப்பு. எவ்வளவு எடுத்தோம் என்று தெரிந்தால்தானே அதைச் செலுத்த முடியும்? பேட்டரி முழுவதும் காலியாகி, அங்கே நிரப்பியிருந்தாலும், இழப்பெல்லாம் சேர்த்து மூன்று யூனிட்டைத் தாண்டியிருக்காது. கணக்குத் தெரிந்தவனுக்குக் கடன் தீர்ப்பதும் எளிது.

பத்தேரியில் மழை

பாலக்காடு, நிலம்பூர், நாடுகாணி வழியாக மறுநாள் மாலை பத்தேரியை அடைந்தோம். இரண்டு சகோதரிகளும் சந்தித்ததை எழுத எனக்குத் திறனில்லை. நெடுநேரம் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இருந்தார்கள், அவ்வளவே சொல்வேன்.

அன்றிரவே மழை வலுத்தது. மரம் விழுந்து மின்கம்பி அறுந்ததால் அந்தத் தெரு முழுவதும் இருண்டது. வேனின் பேட்டரி அப்போது 85 சதவீதம் காட்டியது. உம்மா ராத்தாவின் கட்டிலருகிலேயே படுக்க விரும்பினார்கள். இன்வெர்ட்டரைத் திறந்து, நீட்டிப்பு ஒயரைச் சன்னல் வழியாக அறைக்குள் கொண்டுபோய் சிபேப்பை மாட்டினோம். காலையில் 67.

மறுநாளும் வானம் திறக்கவில்லை. 1400 தர வேண்டிய பேனல்கள் 250 அளவே தந்தன. செய்தி பரவி, அக்கம்பக்கத்தார் கைப்பேசிகளோடு வரத் தொடங்கினார்கள். ஒரு பெண்ணின் கணவர் வளைகுடாவில் இருக்கிறார். இரண்டு நாளாகப் பேச முடியாமல் அவர் கலங்கியிருந்தார். வேறொரு வீட்டில் பிரசவம் நெருங்கிய மகள். என் மனம் இரண்டு பக்கமும் இழுத்தது. கொடுத்துக்கொண்டே இருந்தால் இரவில் உம்மாவுக்கு மூச்சு. கொடுக்காவிட்டால் அண்டை வீட்டாரின் உரிமை.

முடிவைத் தந்தது அந்தத் தாள்தான். உம்மாவின் ஓர் இரவுக்கும் குளிர்பெட்டிக்கும் சேர்த்து 450, மறுநாளும் வெயில் வராவிட்டால் இன்னோர் இரவுக்கு 450, கையிருப்பாகச் சிறிது. ஆகவே மாலையில் 1000 வாட்-மணி, அதாவது 40 சதவீதம், பேட்டரியில் இருக்க வேண்டும். அதற்கு மேல் உள்ளது அனைத்தும் தெருவுக்கு. ஒரு கைப்பேசிக்கு 15 என்று வைத்தால் இருபது கைப்பேசிக்கு 300 போதும். வந்த ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. மாலையில் 59 சதவீதம் மீதி இருந்தது.

அன்று ஓர் இளைஞர், "இந்த ஒயரை வீட்டு பிளக்கிலேயே மாட்டிவிட்டால் எல்லா அறையிலும் விளக்கு எரியுமே" என்றார். மச்சான் உறுதியாக மறுத்தார். அவ்வாறு மாட்டினால் மின்சாரம் வீட்டு ஒயரிங் வழியாகத் தெருக் கம்பிக்கு ஏறக் கூடும். அந்தத் திசையில் டிரான்ஸ்பார்மர் மின்னழுத்தத்தைப் பல மடங்கு உயர்த்திவிடும். கம்பி செத்துக் கிடக்கிறது என்று நம்பி, மழையில் கம்பத்தில் ஏறியிருக்கும் ஊழியருக்கு அதுவே மரணமாகலாம். நம் வீட்டு வெளிச்சத்துக்காக முகம் தெரியாத ஒருவரின் குழந்தைகளை அநாதையாக்க நமக்கு யார் உரிமை தந்தது? வீட்டுக்கு மின்சாரம் கொடுக்க வேண்டுமானால், வெளிக்கம்பியை முழுவதும் துண்டிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இருக்க வேண்டும். இல்லையேல் தனி ஒயரில் தனிக் கருவி மட்டுமே.

மூன்றாம் நாள் காலை 42. மருந்து வாங்கக் கல்பற்றா வரை போய் வந்ததில், ஒன்றரை மணி நேர ஓட்டத்தில் எஞ்சின் 20 சதவீதத்துக்கு மேல் நிரப்பித் தந்தது. அன்றிரவு தெருவுக்கு மின்சாரம் திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ், உம்மா ஓர் இரவுகூட உட்கார்ந்து விடியவைக்கவில்லை.

தொடங்க நினைப்போருக்கு

அந்தப் பயணத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒன்றே. அளவு தெரியாதவன் அச்சத்தில் பதுக்குவான், அல்லது அலட்சியத்தில் இறைப்பான். இன்றிரவுக்கு எவ்வளவு வேண்டும் என்று எண்ணால் அறிந்தவனே மீதியை மனம் நடுங்காமல் அடுத்தவருக்குக் கொடுக்க முடியும். சிக்கனத்தையும் ஈகையையும் நாம் இரண்டு பாடங்களாக நடத்துகிறோம். அவை இரண்டும் ஒரே கணக்கிலிருந்து பிறப்பவை.

உங்கள் வீட்டிலும் மூச்சுக் கருவிக்கோ இன்சுலினுக்கோ கட்டுப்பட்டு, உறவினர் வீட்டுத் திருமணத்துக்கும் மய்யித்துக்கும் போக முடியாமல் ஒருவர் இருக்கலாம். முதலில் அவருடைய கருவியின் பின்புறம் எழுதியிருக்கும் வாட் அளவைப் பாருங்கள். மருத்துவரிடம் கேளுங்கள். தாளில் மூன்று பத்திகள் வரைந்து, வீட்டுப் பிள்ளைகளையும் உடன் உட்கார வைத்துக் கணக்கிடுங்கள். அதன் பிறகு கடைக்குச் செல்லுங்கள். வாகன ஒயரிங்கில் தேர்ந்த ஒருவரிடமே வேலையைக் கொடுங்கள். முழு வேன் வேண்டுமென்பதும் இல்லை. வாடகைக் காரில் போகிறவருக்கு ஒரு 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியும் ஒரு 12 வோல்ட் இணைப்பும் இருந்தால், மேற்சொன்ன கணக்கில் சிபேப்புக்கு மூன்று இரவுகள் தாங்கும்.

கணக்கை முடித்ததும், மீதி எவ்வளவு என்று ஒரு வரி எழுதி வையுங்கள். வழியில் யாருக்கேனும் அது தேவைப்படும்.